கறி வெந்ததா? கண் சொல்லாது, ஊசி சொல்லும்!

அமெரிக்காவில் இருக்கும் மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ போய், நான்கைந்து மாதம் தங்கிவிட்டு வருகிற பெற்றோர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். திரும்பி வந்து என்னிடம் மூட்டுவலிக்குத் தைலம் வாங்க வரும்போது அங்கே பார்த்த அதிசயங்களையும் சேர்த்துச் சொல்வார்கள். அண்மைக் காலமாக அடிக்கடி காதில் விழுகிற அதிசயம் இது:

"எங்க மாப்பிள்ளை தோட்டத்துல இரும்பு டிரம் மாதிரி ஒரு அடுப்பு வெச்சிருக்கார் டாக்டர். விடியக்காலம் அஞ்சு மணிக்குக் கரியைப் பத்தவெச்சு, கறியை உள்ளே வெச்சு மூடினா சாயங்காலம்தான் எடுக்கிறார். கறியில ஒரு ஊசியைக் குத்திட்டு, இவர் ஹால்ல உக்காந்து செல்போனைப் பார்த்துக்கிட்டே 'இன்னும் வேகலை அத்தை'ங்கிறார். இது என்ன கூத்து?"

கூத்து இல்லை. அந்த ஊசியும் ஒரு தெர்மாமீட்டர்தான். காய்ச்சல் என்றால் குழந்தையின் நாக்குக்கு அடியில் வைக்கிறோமே, அதன் தம்பி! அந்த வீட்டில் இருக்கும் பேரக் குழந்தை, கர்ப்பிணி மகள், சர்க்கரை வியாதியோடு விருந்துக்குப் போயிருக்கும் நீங்கள் என்று எல்லோருடைய வயிற்றுக்கும் அது காவல். ஆனால் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று தெரியாமல் வாங்கி வைத்தால் அது வெறும் பொம்மைதான்.

"சித்த வைத்தியருக்கும் அமெரிக்க அடுப்புக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். தீயை அளப்பது எங்கள் தொழிலில் பாதி. தைலம் காய்ச்சும்போது அடியில் தங்கும் கல்கத்தை விரலில் உருட்டிப் பார்த்து மெழுகு பதம், மணல் பதம் என்று இறக்குகிறோம். பற்பம் செய்யப் புடம் போடும்போது வறட்டியை எண்ணுகிறோம். குக்குட புடத்துக்கு 10, வராக புடத்துக்கு 50, கஜ புடத்துக்கு 1000! தீ கூடினாலும் குறைந்தாலும் மருந்து கெட்டுப் போகும் என்பது குணபாட வகுப்பில் முதலில் மண்டையில் ஏறும் பாடம். தைலத்தின் பதத்தை விரலால் பார்த்துவிடலாம். நான்கு கிலோ கறித் துண்டின் நடுவில் என்ன நடக்கிறது என்று எந்த விரலால் பார்ப்பது? அதற்குத்தான் ஊசி.

(இந்தக் கட்டுரையில் வரும் டிகிரி எல்லாம் ஃபாரன்ஹீட். உடம்புச் சூடு 98.6 என்கிறோமே, அதே அளவுகோல். கொதிக்கும் தண்ணீர் இதில் 212.)

புகை அடுப்பு என்றால் என்ன?

கரீபியன் தீவுகளில் வாழ்ந்த டாய்னோ பழங்குடி மக்கள் மரக் குச்சிகளால் பரண் போலக் கட்டி, அதன் மேல் மீனையும் இறைச்சியையும் போட்டு அடியில் மெல்லிய தீயை வைத்துப் பதப்படுத்தினார்கள். ஸ்பெயின்காரர்கள் அதை 'பார்பகோவா' என்றார்கள். அதுதான் இன்றைய 'பார்பெக்யூ'. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இது ஒரு பெரிய சமையல் மரபாகவே வளர்ந்தது. வட கரோலினாவில் பன்றியின் தோள்கறி, டெக்சாஸில் 'பிரிஸ்கெட்' எனப்படும் மாட்டின் நெஞ்சுக்கறி என்று ஊருக்கு ஒரு கறி. நம்மவர்கள் வீட்டில் பெரும்பாலும் கோழியும் ஆட்டுத் தொடையும்தான்.

தோள், நெஞ்சு போன்றவை முரட்டுக் கறிகள். பெருந்தீயில் வாட்டினால் செருப்புத் தோல் மாதிரி ஆகிவிடும். 225 முதல் 250 டிகிரி வரையிலான மெல்லிய சூட்டில், புகையோடு, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கிடந்தால் அந்த முரட்டுத் தசைகளைக் கட்டிப் பிடித்திருக்கும் 'கொலாஜன்' என்ற பசைநார் இளகி ஜெலட்டினாக மாறும். ஆட்டுக்கால் பாயா ஆறினால் கெட்டியாக உறைகிறதே, அதே சங்கதிதான்.

இதற்கான அடுப்புக்கு 'ஸ்மோக்கர்' என்று பெயர். துப்பாக்கிக் குண்டு வடிவில் நடுவில் தண்ணீர்ச் சட்டி வைத்தது, பக்கவாட்டில் தனித் தீப்பெட்டி வைத்தது, முட்டை வடிவில் பீங்கானால் ஆனது என்று பல ரகம். சிகாகோ பகுதியைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்டீபன், 1952-ல் மிதவை செய்யும் உலோகக் கோளத்தை வெட்டி, மூடி போட்ட உருண்டை அடுப்பு ஒன்றை உருவாக்கினார். கரி அடுப்பு வீட்டுத் தோட்டங்களுக்குள் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

எல்லாவற்றிலும் தீயைக் கட்டுப்படுத்துவது காற்றுதான். அடியிலும் மேலும் உள்ள காற்றுத் துவாரங்களைத் திறந்தால் கரி சிவக்கும், சூடு ஏறும். மூடினால் தணியும். வெளியில் காற்று வேகமாக அடித்தாலும், மழை தூறினாலும், கரியில் சாம்பல் மூடினாலும் கணக்கு மாறிவிடும். எவ்வளவு கரி போட்டோம் என்பதை மட்டும் வைத்து உள்ளே எவ்வளவு சூடு என்று சொல்லவே முடியாது.

இரண்டு சூடு, இரண்டு கணக்கு

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். அடுப்புக்குள் இருக்கும் காற்றின் சூடு ஒன்று. கறியின் நடுப்பகுதியின் சூடு இன்னொன்று. அடுப்பு 225 காட்டும்போது கறியின் நடு 90-ஆகவே இருக்கலாம்! வெளியில் வெயில் கொளுத்தினாலும் கிணற்றுத் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறதல்லவா? அந்த மாதிரி.

"மூடியிலேயே ஒரு மீட்டர் இருக்கே, அது போதாதா?" போதாது. அந்த மீட்டர் காட்டுவது மூடிக்கு அடியில், மேலே தங்கியிருக்கும் காற்றின் சூட்டை. கறி கிடக்கும் கம்பித் தட்டின் சூடு அதிலிருந்து சில சமயம் 50 டிகிரி வரைகூட மாறுபடும். ஆகவே நல்ல கருவியில் இரண்டு உணர்விகள் இருக்கும். ஒன்று கறிக்குள். இன்னொன்று கம்பித் தட்டில், கறியை ஒட்டாமல் ஓர் அங்குலம் தள்ளி. முதலாவது 'வெந்ததா?' என்ற கேள்விக்குப் பதில். இரண்டாவது 'தீ சரியாக இருக்கிறதா?' என்ற கேள்விக்கு.

நிறம் ஏமாற்றும்!

நம் அம்மாக்கள் கறி வெந்ததை எப்படிப் பார்ப்பார்கள்? கிள்ளிப் பார்ப்பார்கள். சிவப்பு மாறிவிட்டதா என்று பார்ப்பார்கள். குக்கரில் கொதிக்கிற குழம்புக்கு அது சரி. புகை அடுப்புக்குச் சரிப்படாது.

கரிப் புகையில் கார்பன் மோனாக்சைடும் நைட்ரிக் ஆக்சைடும் உண்டு. இறைச்சியில் 'மயோகுளோபின்' என்ற சிவப்புப் பொருள் இருக்கிறது. இந்த வாயுக்கள் அதோடு ஒட்டிக்கொண்டால், எவ்வளவு வெந்தாலும் அந்தச் சிவப்பு போகாது. அதனால்தான் புகையில் வெந்த கறியை வெட்டினால் ஓரத்தில் ரோஜா நிறத்தில் ஒரு வளையம் தெரிகிறது. 'ஐயோ, வேகலை' என்று நீங்கள் ஒதுக்குகிற துண்டு நன்றாக வெந்திருக்கலாம். இதற்கு நேர்மாறாக, கொத்துக்கறி சில சமயம் வேண்டிய சூட்டை எட்டும் முன்பே பழுப்பாகிவிடும். 'வெந்துடுச்சு' என்று நீங்கள் ஊட்டுகிற துண்டில் கிருமி உயிரோடு இருக்கலாம். இதில் எது ஆபத்து என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

40 முதல் 140 வரை... ஆபத்தான பாதை!

ஃபிரிஜ்ஜிலிருந்து எடுத்த கறி 40 டிகிரியில் இருக்கும். வேகத் தொடங்கி 140-ஐத் தாண்டும்வரை உள்ள தூரம் கிருமிகளுக்குக் கல்யாண வீடு. இந்தச் சூட்டில் சில கிருமிகள் இருபதே நிமிடத்தில் இரட்டிப்பாகிவிடும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி... நீங்களே பெருக்கிப் பாருங்கள்!

அமெரிக்க நோய்த் தடுப்பு மையங்கள் 2011-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அந்த நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 4 கோடியே 80 லட்சம் பேருக்குக் கெட்ட உணவால் நோய் வருகிறது. அதாவது ஆறில் ஒருவர். சுத்தமான நாடு, எல்லாம் பாக்கெட்டில் வருகிறது என்று நாம் அசட்டையாக இருக்கிறோமே, அங்கேதான் இந்தக் கணக்கு.

மெல்லிய தீயில் சமைக்கும்போது கறி இந்தப் பாதையில் மெதுவாகத்தான் நடக்கிறது. அதனால் முதல் நான்கு மணி நேரத்துக்குள் கறியின் நடுப்பகுதி 140-ஐத் தாண்டிவிட வேண்டும் என்பது அனுபவமுள்ளவர்கள் வைத்திருக்கும் விதி. அடுப்பை 225-க்குக் கீழே இறங்க விடக்கூடாது. உறைந்த கறியை அப்படியே அடுப்பில் வைக்கக் கூடாது. முந்தின நாளே ஃபிரிஜ்ஜின் கீழ்த் தட்டில் வைத்து உறைவு நீங்கியிருக்க வேண்டும். மசாலா தடவி ஊற வைப்பதும் ஃபிரிஜ்ஜில்தான், சமையல் மேடையில் அல்ல.

நம்மவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. முழுத் துண்டுக் கறியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். அது அடுப்பின் சூட்டில் சீக்கிரம் செத்துவிடும். நாம் மசாலா இறங்க வேண்டும் என்று கத்தியால் கீறுகிறோம், முள்கரண்டியால் குத்துகிறோம். மேலே இருந்த கிருமியை நாமே உள்ளே அனுப்புகிறோம் என்று பொருள். அப்படிச் செய்த கறியில் நடுப்பகுதியின் சூட்டை அளக்காமல் விடவே கூடாது.

இன்னொரு காட்சியை நினைத்துப் பாருங்கள். இரவு பத்து மணிக்குக் கறியை வைத்துவிட்டு எல்லோரும் தூங்கிவிடுகிறார்கள். நள்ளிரவில் கரி அணைந்துவிடுகிறது. காலை ஆறு மணிக்குப் பார்த்தால் கறி வெதுவெதுப்பாக இருக்கிறது. "பரவாயில்லை, மறுபடி பத்தவெச்சு நல்லா வேக வெச்சிடலாம்" என்று தோன்றும். கூடாது! 'ஸ்டஃபிலோகாக்கஸ்' என்ற கிருமி விட்டுப் போகும் நஞ்சு, மறுபடி சூடு பண்ணினாலும் அழியாது. கிருமி செத்தாலும் விஷம் நிற்கும். சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு. எழுபது வயதில் உடம்பின் நீர்ச்சத்து அப்படி வற்றினால் சிறுநீரகம் வரை போய் நிற்கும்.

கம்பியில்லாத் தெர்மாமீட்டரின் உண்மையான பயன் இங்கேதான். அடுப்பு 225-க்குக் கீழே போனால் அலறும்படி அதில் அலாரம் வைக்கலாம். செல்போனில் தெரியும் வரைகோட்டைப் பார்த்தால் எப்போது சூடு இறங்கியது, எவ்வளவு நேரம் இறங்கியே இருந்தது என்று தெரிந்துவிடும். எவ்வளவு நேரம் என்றே தெரியவில்லையா? தயங்காமல் குப்பையில் போடச் சொல்லுங்கள். கறி விலையைவிட ஆஸ்பத்திரி பில் அதிகம். அமெரிக்காவில் கேட்கவே வேண்டாம்!

ஊசியை எங்கே குத்துவது?

காய்ச்சல் பார்க்கத் தெர்மாமீட்டரைச் சட்டைப் பையில் வைப்போமா? இடம் தவறினால் எண்ணும் தவறும்.

கறியின் மிகத் தடித்த பகுதியில், பக்கவாட்டிலிருந்து குத்தி, முனை நடுமையத்தில் நிற்க வேண்டும். உணர்வி இருப்பது பெரும்பாலும் ஊசியின் முனையில்தான். எலும்பில் தட்டக் கூடாது. கொழுப்புத் திட்டில் நிற்கக் கூடாது. முனை மறுபக்கம் வெளியே எட்டிப் பார்க்கவும் கூடாது. முழுக் கோழி என்றால் மார்பின் தடித்த பகுதியிலும், தொடை உடம்போடு சேரும் உள்பக்கத்திலும் என இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும். எடுக்கப் போகும்போது இன்னும் இரண்டு மூன்று இடங்களில் குத்திப் பார்ப்பது புத்திசாலித்தனம். அதில் வரும் மிகக் குறைந்த எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

பச்சைக் கறியில் குத்திய ஊசியைச் சோப்பு நீரில் கழுவாமல் வெந்த கறியில் குத்தாதீர்கள். ஓர் ஆளுக்குப் போட்ட ஊசியை இன்னோர் ஆளுக்குப் போடுவோமா?

வாங்கும் முன் கவனிக்க

இரண்டு ரகம் கிடைக்கிறது. முதல் ரகத்தில் ஊசியிலிருந்து உலோகப் பின்னல் ஒயர் ஒன்று வெளியே வரும். அது அடுப்புக்கு வெளியில் இருக்கும் சிறு பெட்டியில் சேரும். அந்தப் பெட்டி ரேடியோ அலை வழியாக வீட்டுக்குள் இருக்கும் கருவிக்கோ செல்போனுக்கோ தகவல் அனுப்பும். இரண்டாம் ரகத்தில் ஒயரே கிடையாது. பேட்டரி, உணர்வி, அனுப்பும் கருவி எல்லாம் ஊசிக்குள்ளேயே அடக்கம்.

ஒயர் இல்லாதது பார்க்க அழகு. ஆனால் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஊசியில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அதுவரை கறிக்குள் இறங்கியிருக்க வேண்டும். உள்ளே இருக்கும் மின்னணுப் பாகங்களைக் காப்பது கறியின் ஈரம்தான். பல மாடல்களில் கறிக்குள் இருக்கும் பகுதி 212 டிகிரிக்கு மேல் தாங்காது. இரும்பு மூடியும் தடித்த பீங்கான் சுவரும் புளூடூத் அலையை மட்டுப்படுத்தும். ஆகவே அதோடு வரும் சார்ஜர் பெட்டியை அடுப்புக்குப் பக்கத்தில், சூடு படாத இடத்தில் வைத்தால் அது தகவலை வாங்கி வீட்டுக்குள் கடத்தும். இன்னொன்று, அந்த ஊசியின் வெளிமுனை கறியை ஒட்டியே இருப்பதால், குளிர்ந்த கறியின் பக்கத்துக் காற்றை அளந்து அடுப்பின் சூட்டைக் குறைத்துக் காட்டும். அதைப் பார்த்து 'தீ பத்தலை' என்று துவாரத்தைத் திறந்துவிட்டால் அடுப்பு எகிறிவிடும். பெரிய துண்டுக் கறிக்கு, தட்டில் தனி உணர்வி மாட்டும் ரகமே நல்லது.

ஒயர் உள்ளதில், ஒயரைக் கரிக்கு நேர் மேலே போகவிடாமல், மூடியின் விளிம்பில் நசுங்காமல் வெளியே எடுக்க வேண்டும். ஒயர் சேரும் இடத்தைத் தண்ணீரில் முக்கக் கூடாது. ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

கருவி சரியா? வீட்டிலேயே பாருங்கள்

ஒரு டம்ளர் நிறைய உடைத்த ஐஸ், இடைவெளி நிரம்ப மட்டும் தண்ணீர். கலக்கி ஒரு நிமிடம் விட்டு ஊசியை நடுவில் பிடியுங்கள், பாத்திரத்தில் படாமல். 32 காட்ட வேண்டும். அடுத்து கொதிக்கும் தண்ணீரில் 212. ஒரு டிகிரி, இரண்டு டிகிரி வித்தியாசம் பாதகமில்லை. அதற்கு மேல் என்றால் அந்தக் கருவியைத் திருத்த வேண்டும், இல்லையென்றால் மாற்ற வேண்டும். முழுவதும் ஒயரில்லாத ஊசியை இப்படிச் சோதிக்கலாமா என்பதை அதனுடன் வரும் குறிப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மலைப் பிரதேசத்தில் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும். கொலராடோவின் டென்வர் நகரம் சுமார் 1,600 மீட்டர் உயரம். அங்கே சுமார் 203-லேயே கொதி வந்துவிடும். மகன் அங்கே இருந்தால் கருவியைக் குற்றம் சொல்ல வேண்டாம்!

கறிக்கும் வியர்க்கும்!

காலை ஐந்து மணிக்கு வைத்தாயிற்று. பத்து மணிக்குக் கறியின் சூடு 155. மதியம் பன்னிரண்டுக்குப் பார்த்தால் 157. ஒரு மணிக்கும் அதேதான். "மெஷின் கெட்டுப் போச்சு" என்பார் ஒருவர். "கரியைக் கூடப் போடு" என்பார் இன்னொருவர்.

இரண்டும் வேண்டாம். காய்ச்சல் விடும்போது உடம்பு வியர்த்துக் கொட்டி, அந்த வியர்வை உலரும்போது சூடு தணிகிறதல்லவா? அதேதான் இங்கேயும் நடக்கிறது. கறியின் ஈரம் மேலே வந்து ஆவியாகிறது. தீ கொடுக்கும் சூடும் ஆவி எடுத்துப் போகும் சூடும் சரிக்குச் சரி ஆகிவிடுவதால், 150-க்கும் 170-க்கும் நடுவில் சில மணி நேரம் எண் நகராமல் நிற்கும். பெரிய துண்டுகளில் இது சகஜம். ஈரம் குறைந்ததும் தானே ஏறும். அவசரமென்றால் கறியைக் கெட்டியான காகிதத்திலோ அலுமினியத் தாளிலோ சுற்றி வைக்கலாம். ஆவி வெளியேறுவது குறைந்து சூடு ஏறும். 140-ஐ எப்போதோ தாண்டிவிட்டதால் இந்தக் காத்திருப்பில் கிருமிப் பயமும் இல்லை. அடுப்பு மட்டும் 225-ல் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

இப்படி ஒரு நிலை இருப்பதால்தான், 'இன்னும் இத்தனை நிமிடத்தில் வெந்துவிடும்' என்று செல்போன் காட்டும் நேரத்தை நம்பி விருந்தாளிகளைக் கூப்பிடக் கூடாது. அது ஜோசியம். டிகிரிதான் நிஜம்.

எத்தனை டிகிரியில் எடுக்கலாம்?

அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்லும் குறைந்தபட்ச அளவுகள் இவை. வெட்டி எடுத்து ஃபிரிஜ்ஜில் ஒட்டி வையுங்கள்.

* கோழி, வான்கோழி (எந்தப் பகுதியானாலும், கொத்தியதானாலும்): 165
* கொத்திய ஆடு, மாடு, பன்றிக் கறி: 160
* ஆடு, மாடு, பன்றியின் முழுத் துண்டு: 145, எடுத்த பின் மூன்று நிமிடம் அப்படியே விட வேண்டும் (பன்றிக்கு முன்பு 160 என்றிருந்தது. 2011-ல் மாற்றினார்கள்)
* மீன்: 145
* மிச்சம் வைத்ததை மறுபடி சூடாக்கும்போது: 165

இவை ஆபத்து நீங்கும் அளவு. மெத்தென்று உதிரும் பதம் வேறு. தோள்கறி, நெஞ்சுக்கறி பஞ்சு போல ஆக 195 முதல் 205 வரை போக வேண்டும். ஆட்டுத் தொடை 145-ல் நடுவில் சிவந்துதான் இருக்கும். நம் வீட்டு நாக்குக்கு அது பிடிக்காது. இன்னும் மேலே கொண்டுபோவதில் தவறில்லை. கோழியை மட்டும் 205 வரை விட்டால் மார்புக்கறி சக்கையாகிவிடும். 165-ஐத் தாண்டியதும் எடுத்துவிடலாம்.

கரி அடுப்பு வீட்டுக்குள் வரக்கூடாது!

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். கறியைச் சிவப்பாகவே வைத்திருக்கிறது என்று சொன்னேனே கார்பன் மோனாக்சைடு, அதே வாயு நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினையும் பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்பு! நிறம் இல்லை, வாசனை இல்லை. முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல். ஏதோ ஃப்ளூ காய்ச்சல் என்று படுத்தால் அப்படியே நினைவு தப்பும்.

2021 பிப்ரவரியில் டெக்சாஸைப் பனிப்புயல் தாக்கி மின்சாரம் போனது. குளிர் தாங்காமல் பலர் கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்து மூட்டினார்கள். ஜெனரேட்டரையும் காரையும் மூடிய இடத்தில் ஓட்டியவர்களும் உண்டு. இந்த வாயுவால் பாதிக்கப்பட்டு நூற்றுக்கணக்கானவர்கள் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். சிலர் இறந்தே போனார்கள்.

மழை வருகிறது, குளிருகிறது என்பதற்காக ஸ்மோக்கரை கார் ஷெட்டுக்குள் தள்ளி, கதவைப் பாதி திறந்து வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. போதவே போதாது. அடுப்பு வெட்டவெளியில், ஜன்னலுக்கும் கதவுக்கும் தூரத்தில் இருக்கட்டும். நீங்கள் உள்ளே இருங்கள். ஒயரில்லாத் தெர்மாமீட்டர் இருப்பதே அதற்குத்தானே! வீட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். யாருக்காவது தலை சுற்றினால் முதலில் எல்லோரும் வெளியே. பிறகு 911-க்குப் போன். அணைந்த மாதிரி தெரியும் கரியும் மணிக்கணக்கில் இந்த வாயுவை விடும் என்பதால் அதையும் உள்ளே கொண்டுவரக் கூடாது.

இறக்கிய பிறகு...

'ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டும்' என்ற பழமொழி புகை அடுப்புக்காகவே சொன்னது போல இருக்கும். இறக்கிய கறியின் உள்சூடு இன்னும் சில டிகிரி ஏறும். உடனே வெட்டினால் சாறெல்லாம் தட்டில் ஓடிவிடும். கோழிக்குப் பதினைந்து நிமிடம், பெரிய துண்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் சுற்றி வைக்கலாம். ஊசியை அதுவரை எடுக்க வேண்டாம். 140-க்குக் கீழே இறங்கும் முன் பரிமாறிவிட வேண்டும்.

சாப்பிட்டு அரட்டை அடித்துக்கொண்டே கறியை மேஜையில் விட்டுவிடுவது நம் வழக்கம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது. டெக்சாஸ் கோடையில், வெளியே 90 டிகிரிக்கு மேல் இருந்தால் ஒரே மணி நேரம்தான். மிச்சத்தை ஆழமான பாத்திரத்தில் மொத்தமாகப் போடாமல், தட்டையான டப்பாக்களில் பிரித்து ஃபிரிஜ்ஜில் வையுங்கள். சீக்கிரம் குளிரும்.

அப்படியானால் தாராளமாகச் சாப்பிடலாமா?

தெர்மாமீட்டர் கிருமியிலிருந்து காக்கும். புகையிலிருந்து காக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. உப்பு ஏற்றியும் புகையூட்டியும் பதப்படுத்திய கறிகள் அந்த வகையில் வருகின்றன. கொழுப்பு கரியில் சொட்டி எழும் புகையிலும், அரைகுறையாக எரியும் கரியின் புகையிலும் கேடான பொருள்கள் உண்டு. ஆகவே தண்ணீர்ச் சட்டி வைத்துக் கொழுப்பு கரியில் விழாமல் தடுக்கலாம். வெள்ளையாகக் குபுகுபுவென்று வரும் புகை அடங்கி, மெல்லிய நீலமாக வரும்போதுதான் கறியை வைக்க வேண்டும். கருகின ஓரங்களைத் தள்ளிவிடுங்கள். வாராவாரம் வேண்டாம், விசேஷ நாளுக்குப் போதும்.

வயதானவர்கள் மதியமே சாப்பிடுவது நல்லது. இரவில் வேண்டாம். இரண்டு துண்டுக் கறிக்கு ஒரு தட்டுக் காய்கறி, பிறகு சீரக வெந்நீர். வயிறு உங்களுக்கு நன்றி சொல்லும்.

அடுத்த முறை போனில் பேசும்போது மாப்பிள்ளையிடமோ மகனிடமோ மூன்று கேள்வி கேளுங்கள். ஐஸ் தண்ணீரில் 32 காட்டுகிறதா? தட்டுக்குத் தனி உணர்வி இருக்கிறதா? அடுப்பு எங்கே நிற்கிறது? "அத்தைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று அவர் அசந்து போகட்டும். மூன்றுக்கும் சரியான பதில் வந்தால், டிக்கெட் போட்டு நிம்மதியாகக் கிளம்புங்கள்!